எதை எண்ணுவது? நேரியல் ஹாமில்டோனியன் அமைப்புகளின் அலைவுக் கோட்பாட்டில் முதல் அடிகள்

ஒரு தீர்வு அலைகிறதா இல்லையா என்று பார்ப்பது எளிய வேலைபோலத் தெரியும். வரைபடம் போட வேண்டியது, கோடு அச்சை எத்தனை தடவை வெட்டுகிறது என்று எண்ண வேண்டியது, அவ்வளவுதானே? தெரியாத சார்பு ஒன்றே ஒன்றாக இருக்கும்வரை அவ்வளவுதான். இரண்டு சார்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வரும்போது எதை எண்ணுவது என்பதே பிடிபடாமல் போகிறது. முதல் சார்பின் பூச்சியங்களையா? இரண்டாவதன் பூச்சியங்களையா? இரண்டும் ஒரே நேரத்தில் பூச்சியமாகும் இடங்களையா? இந்தக் கேள்விக்குச் சரியான விடையைப் பிடித்துவிட்டால் கோட்பாட்டின் மற்றப் பகுதிகள் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடக்கிறது.

அணிகளும் (சமச்சீர் அணி, ஐகன் மதிப்பு, தரம்), நேரியல் வகைக்கெழுச் சமன்பாடுகளும் கொஞ்சம் தெரிந்தால் போதும். பேனாவும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும். கணக்குகளைக் கூடவே போட்டுப் பார்த்தால்தான் விஷயம் உள்ளே இறங்கும்.

குறியீடு பற்றி ஒரு வார்த்தை. குறில் எழுத்து வந்தால் அது எண் அல்லது திசையன். நெடில் வந்தால் அது அணி. நேரம் ந. அலகு அணி ஓ. விண்மீன் குறி நிரைகளையும் நிரல்களையும் இடம் மாற்றுவதைக் காட்டும்: பா* என்றால் பா அணியின் நிரை நிரல் மாற்று. மேலே சிறு கோடு இட்டால் (ப′) நேரத்தைப் பொறுத்த வகைக்கெழு.

முதலில் ஸ்டர்ம்

எல்லாம் 1836இல் கணிதவியலர் ஸ்டர்ம் வெளியிட்ட ஆய்விலிருந்து தொடங்குகிறது. அவர் எடுத்துக்கொண்டது ஒரே சார்பு கொண்ட இரண்டாம் வரிசைச் சமன்பாடு. எளிய வடிவில்:

ப″ + க(ந) ப = 0

இதன் இரண்டு சாராத தீர்வுகளை எடுத்தால், ஒன்றின் அடுத்தடுத்த இரண்டு பூச்சியங்களுக்கு நடுவே மற்றொன்றுக்குச் சரியாக ஒரு பூச்சியம் இருக்கும். இது பிரிப்புத் தேற்றம். சைனும் கொசைனும் மாறி மாறி அச்சை வெட்டுவது இதற்குக் கண்முன் இருக்கும் உதாரணம். நிறுவலை ஒரு தடவை போட்டுப் பாருங்கள், பின்னால் உதவும். இரு தீர்வுகள் ப, ம என்று கொள்ளுங்கள். ப ம′ − ப′ ம என்ற ரான்ஸ்கியனை வகையிட்டால் பூச்சியம் வரும். ஆகவே அது ஒரு மாறிலி, தீர்வுகள் சாராதவை என்பதால் பூச்சியமற்ற மாறிலி. ப-வின் அடுத்தடுத்த இரு பூச்சியங்களில் அந்த மாறிலி − ப′ ம மட்டுமே. அந்த இரு இடங்களிலும் ப′ எதிரெதிர்க் குறி கொண்டது: ஒன்றில் கோடு ஏறுகிறது, மற்றதில் இறங்குகிறது. பெருக்கற்பலன் மாறக் கூடாது என்றால் ம-வும் குறி மாறியே ஆக வேண்டும். அதாவது நடுவில் எங்கோ அது அச்சை வெட்டுகிறது.

இரண்டாவது, ஒப்பீட்டுத் தேற்றம்: க(ந) பெரிதானால் பூச்சியங்கள் நெருக்கமாகும், குறையாது.

நிறுவலில் வேலை செய்தது ரான்ஸ்கியன் மாறாமல் இருப்பதுதான். இதை மனதில் வையுங்கள். பல மாறிகளுக்குப் போகும்போது கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டிய கயிறு இதுவே.

அமைப்பை எழுதுதல்

நமக்கு வேண்டிய பொது வடிவம் இது:

ப′ = கா ப + சா ம
ம′ = தா ப − கா* ம

இங்கே ப, ம இரண்டும் எ உறுப்புகள் கொண்ட திசையன்கள். ப நிலை, ம உந்தம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். கா, சா, தா மூன்றும் எ × எ அணிகள், நேரத்தோடு மாறலாம். சா, தா இரண்டும் சமச்சீராக இருக்க வேண்டும். முதல் வரியில் கா என்றால் இரண்டாம் வரியில் −கா* வந்தே தீர வேண்டும். இந்த இணைப்புதான் அமைப்பை ஹாமில்டோனியன் ஆக்குகிறது.

கையிலிருக்கும் சமன்பாட்டை இந்த வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் முதல் வேலை. கூ ஒரு சமச்சீர் அணியாக இருக்க, ப″ + கூ ப = 0 என்பது எளிது: ம = ப′ என்று வைத்தால் கா = 0, சா = ஓ, தா = −கூ. இந்தக் குறைக்குறியைக் கவனியுங்கள். குறி தப்பினால் பின்னால் எல்லாமே தலைகீழாகும்.

நான்காம் வரிசைச் சமன்பாடும் இதற்குள் வரும். அதிரும் உத்தரத்தை எடுத்துக்கொள்வோம்: மாறிலிகளை எல்லாம் 1 ஆக்கி எழுதினால், ய-வின் நான்காம் வகைக்கெழு = ய. இங்கே ய உத்தரத்தின் விலகல்; ந நேரம் அல்ல, உத்தரத்தின் நீளவாக்கில் அளக்கும் தூரம். நிலைத் திசையன் (ய, ய′). உந்தத் திசையன் (−ய‴, ய″). இப்படி எடுத்தால் கா அணியில் மேல் வலது மூலையில் மட்டும் 1, சா அணியில் கீழ் வலது மூலையில் மட்டும் 1, தா அணியில் மேல் இடது மூலையில் மட்டும் −1. ஒரு தாளில் இதைச் சரிபார்த்துவிட்டு மேலே படியுங்கள். உந்தத்தின் முதல் உறுப்பில் ஏன் குறைக்குறி வந்தது என்பது அப்போது புரிந்துவிடும்.

அடுத்து இரண்டு சோதனைகள். ஒன்று, சா அணிக்கு எதிர்க்குறி ஐகன் மதிப்பு இருக்கக் கூடாது. இதை லெஜாந்தர் நிபந்தனை என்பார்கள். பூச்சிய ஐகன் மதிப்பு இருக்கலாம். உத்தர உதாரணத்தில் ஒன்று இருக்கிறது. இரண்டாவது சோதனை: ஏதாவது ஒரு இடைவெளி முழுவதும் ப பூச்சியமாகவே இருந்தால் ம-வும் அங்கே பூச்சியமாக இருந்தாக வேண்டும். கட்டுப்படுத்தும் பொறியியலிலிருந்து வந்த பெயரில் இதைக் கட்டுப்படுத்தத்தக்க தன்மை என்கிறோம். உத்தரத்தில் பாருங்கள்: ய, ய′ இரண்டும் பூச்சியமாகவே இருந்தால் ய″, ய‴ இரண்டும் பூச்சியம். ஆக நிபந்தனை நிறைவேறுகிறது. சா முழுத் தரம் இல்லாமலிருந்தும் அமைப்பு ஒழுங்காக நடந்துகொள்வது இதனால்தான்.

எந்தத் தீர்வை எடுப்பது

இந்தக் கட்டத்தில்தான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். நிதானமாகப் போவோம்.

ஒற்றைத் திசையன் தீர்வை எடுத்து அது பூச்சியமாகும் இடங்களை எண்ணலாமே என்று தோன்றும். இரண்டு உறுப்புகளும் ஒரே கணத்தில் பூச்சியமாவது அரிது. எண்ண ஒன்றுமே இருக்காது. அதனால் எ தீர்வுகளை நிரல்களாக அடுக்கி ஓர் அணித் தீர்வு எடுக்கிறோம்: (பா, மா). பா அணிக்கு நேர்மாறு இல்லாமல் போகும் நேரங்களை, அதாவது அது பூச்சியக் கோவை அணியாகும் நேரங்களை எண்ணப் போகிறோம்.

ஆனால் எந்த எ தீர்வுகளையும் அடுக்கிவிட முடியாது. இதோ ஓர் உதாரணம். எ = 2; சமன்பாடு ப″ + ப = 0. இரண்டு தனித்தனி ஊசல்கள், இதைவிட எளிதாக அலையும் அமைப்பு கிடையாது. இதன் ஓர் அணித் தீர்வு:

முதல் நிரை: கொசைன் ந, சைன் ந
இரண்டாம் நிரை: −சைன் ந, கொசைன் ந

ஒவ்வோர் உறுப்பும் சமன்பாட்டை நிறைவு செய்கிறது. இது தளத்தைச் சுழற்றும் அணி. அணிக்கோவை எப்போதும் 1. ஒரு நாளும் பூச்சியக் கோவை அணி ஆகாது. அலைவதைத் தவிர வேறொன்றும் அறியாத அமைப்பில், எண்ணினால் விடை பூச்சியம்!

கோளாறு எங்கே? பா* மா கணக்கிட்டுப் பாருங்கள். மூலைவிட்டத்தில் 0, 0. மேல் வலதில் 1, கீழ் இடதில் −1. சமச்சீர் இல்லை. இதுதான் கோளாறு.

பா* மா − மா* பா என்ற வேறுபாடு எந்த அணித் தீர்வுக்கும் நேரத்தோடு மாறாது. வகையிட்டுப் பார்த்தால் எல்லா உறுப்புகளும் அடிபட்டுப் போகும். ஸ்டர்ம் பிடித்திருந்த அதே ரான்ஸ்கியன்தான் இது, அணி வடிவில். ஒரே சார்பு இருக்கும்போது ஒரு தீர்வின் ரான்ஸ்கியன் தன்னோடு தானே பூச்சியம்தான். யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. பல மாறிகள் வந்ததும் அது தானாக நடக்காது, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். ஆகவே விதி: பா* மா சமச்சீராக இருக்க வேண்டும், பா, மா இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் தரம் எ இருக்க வேண்டும். இந்த இரண்டும் உள்ள அணித் தீர்வை இணைந்த அடிக்களம் என்று இங்கே அழைக்கிறேன். தொடக்க நேரத்தில் ஒரு தடவை சரிபார்த்தால் போதும், பிறகு அது மாறாது.

தொடங்குவோருக்கு என் பரிந்துரை எப்போதும் ஒன்றுதான்: இடைவெளியின் இடது முனையில் பா = 0, மா = ஓ என்று வைத்துத் தொடங்குங்கள். இதை முதன்மைத் தீர்வு என்பார்கள். சமச்சீர் சோதனை தானாகத் தேறிவிடும்.

குவியப் புள்ளி

இணைந்த அடிக்களத்தில் பா பூச்சியக் கோவை அணி ஆகும் நேரம் குவியப் புள்ளி. அந்த நேரத்தில் பா எத்தனை சாராத திசைகளைப் பூச்சியமாக்குகிறதோ அது அதன் மடங்கு. மடங்கையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

பெயர் ஒளியியலை நினைவூட்டுவது பொருத்தம்தான். அலகு ஆரமுள்ள கோளத்தில் வடதுருவத்திலிருந்து எல்லாத் திசையிலும் நேராகக் கிளம்பும் பாதைகள் தூரம் பை ஆனதும் தென்துருவத்தில் வந்து குவிகின்றன. பக்கத்துப் பக்கத்துப் பாதைகளின் இடைவெளி சைன் போல விரிந்து சுருங்குகிறது. ஒரு பரிமாணம் கூட்டி முப்பரிமாணக் கோளத்தில் (பரப்பே முப்பரிமாணமாக, நாற்பரிமாண வெளியில் இருக்கும் கோளத்தில்) இதையே செய்தால் பா = (சைன் ந) ஓ, 2 × 2 அணி; தூரம் பை ஆகும்போது மடங்கு 2.

இப்போது முழுதாகப் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. இரண்டு சம நிறைகள், மூன்று சம சுருள்வில்கள், இரு முனைகளும் சுவரில். சமன்பாடு ப″ + கூ ப = 0; கூ அணியின் முதல் நிரை 2, −1; இரண்டாம் நிரை −1, 2. ஐகன் மதிப்புகள் 1, 3. ஐகன் திசைகள் (1, 1), (1, −1). ந = 0 இலிருந்து முதன்மைத் தீர்வைக் கிளப்பினால், முதல் திசையில் பா சைன் ந போலவும், இரண்டாம் திசையில் சைன்(√3 ந) / √3 போலவும் நடக்கும். எனவே குவியப் புள்ளிகள் பை / √3 ≈ 1.814, பை ≈ 3.142, 2 பை / √3 ≈ 3.628 என்று போகும். 0-க்குப் பிறகு 4 வரை மூன்று.

ந = பை ஆகும்போது பா அணி எப்படி இருக்கிறது என்று கிட்டப் போய்ப் பாருங்கள். மூலைவிட்ட உறுப்புகள் இரண்டும் சுமார் −0.215, மற்ற இரண்டும் சுமார் +0.215. ஓர் உறுப்புகூடப் பூச்சியம் இல்லை! ஆனால் (1, 1) திசையைக் கொடுத்தால் பூச்சியம் வருகிறது. இரண்டு நிறைகளையும் ஒரே வேகத்தில் ஒரே பக்கம் தள்ளிவிட்டால் பை நேரம் கழித்து இரண்டும் சேர்ந்தே சமநிலைக்குத் திரும்பும் என்பதுதான் இதன் பொருள். தனித்தனி உறுப்புகளின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் இது ஒருபோதும் கண்ணில் படாது.

உத்தரத்துக்கு வருவோம். 0-இல் ய = ய′ = 0; எந்த இடத்தில் மீண்டும் ய, ய′ இரண்டும் சேர்ந்து பூச்சியமாகலாம்? கணக்குப் போட்டால் கொசைன் × அதிபரவளையக் கொசைன் = 1 என்ற சமன்பாடு வரும்; முதல் விடை 4.730, அடுத்தது 7.853. இரு முனையும் இறுகப் பிடித்த உத்தரத்தின் அதிர்வெண்களைப் படித்தவர்களுக்கு இந்த எண்கள் பழக்கமானவை.

கணினியில் எண்ணும்போது

அணிக்கோவையின் குறி மாறுகிறதா என்று பார்த்து எண்ணாதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். இரட்டை மடங்குள்ள குவியப் புள்ளிகள் எல்லாம் கணக்கிலிருந்து நழுவிப் போயின. (சைன் ந) ஓ அணியின் கோவை சைன் வர்க்கம்; அது பூச்சியத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பும், குறி மாறாது.

நம்பத்தக்க வழி அலகு வட்டத்தின் வழியாகப் போவது. ஐ என்பது −1இன் வர்க்கமூலம் என்று கொண்டு,

வா = (மா + ஐ பா)(மா − ஐ பா)⁻¹

என்ற அணியை எடுங்கள். பா* மா சமச்சீர் என்பதால் இரண்டாம் அடைப்புக்குறிக்கு எப்போதும் நேர்மாறு உண்டு. வா யூனிட்டரி அணி, அதாவது திசையன்களின் நீளத்தை மாற்றாத அணி. அதன் எ ஐகன் மதிப்புகளும் அலகு வட்டத்தின் மேல் எ மணிகள்போல நகரும். பா ஒரு திசையைப் பூச்சியமாக்கும் நேரத்தில், அதே நேரத்தில் மட்டும், ஒரு மணி 1 என்ற இடத்தில் நிற்கும். இரு திசைகளைப் பூச்சியமாக்கினால் இரு மணிகள். லெஜாந்தர் நிபந்தனை இருப்பதால் 1 என்ற வாசலை எல்லா மணிகளும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில்தான் தாண்டும், ஒன்றும் பின்னோக்கி வராது. எத்தனை தாண்டல் என்று எண்ணினால் முடிந்தது. ஒரே சார்புக்குக் கோணத்தை வைத்து எண்ணும் இந்த உத்தியை 1926இல் ப்ரூஃபர் கொடுத்தார். அணிகளுக்கு 1955இல் லிட்ஸ்கி விரித்தார். எனக்கு இந்தக் கோட்பாட்டில் மிகப் பிடித்த இடம் இதுதான், ஏனென்றால் எண்ணிக்கை ஏன் அர்த்தமுள்ளது என்பதைக் கண்ணால் காட்டுகிறது.

இன்னொரு நடைமுறைக் குறிப்பு. நேரம் போகப் போக பா, மா உறுப்புகள் பிரம்மாண்டமாக வளரலாம், நிரல்கள் ஒரே பக்கம் சாயத் தொடங்கலாம். சில அடிகளுக்கு ஒரு முறை அடுக்கிய அணியின் நிரல்களை ஒன்றுக்கொன்று செங்குத்தாக்கிக்கொள்ளுங்கள். வலப்பக்கம் நேர்மாறுள்ள எந்த மாறிலி அணியால் பெருக்கினாலும் குவியப் புள்ளிகளும் வா அணியும் மாறாது, ஆகவே பயமில்லாமல் செய்யலாம். கூடவே பா* மா − மா* பா எவ்வளவு பெரிதாகிறது என்று பதிவு செய்துகொண்டே வாருங்கள். அது பூச்சியத்தை விட்டு விலகினால் அடியின் நீளத்தைக் குறைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

முனைகளில் என்ன செய்வது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். நான் இடது முனையை விட்டு, வலது முனையைச் சேர்த்து எண்ணுகிறேன்.

எண்ணிக்கை என்ன சொல்கிறது

ஸ்டர்மின் பிரிப்புத் தேற்றம் இங்கே இப்படி மாறுகிறது: ஒரே இடைவெளியில் எந்த இரண்டு இணைந்த அடிக்களங்களை எடுத்தாலும் குவியப் புள்ளிகளின் எண்ணிக்கை எ-க்கு மேல் வேறுபடாது. மாறி மாறி வரும் என்ற அழகு போய்விட்டது, ஆனால் வரம்பு இருக்கிறது. அந்த வரம்பை முழுதாகத் தொடவும் செய்யலாம்: எ = 2, ப″ + ப = 0; 0-க்குப் பிறகு பை / 2 வரை (சைன் ந) ஓ கொடுப்பது 0, (கொசைன் ந) ஓ கொடுப்பது 2.

அப்புறம் முடிவிலி வரை போகும்போது இந்தத் தேற்றத்தால் ஒரு பெரிய நன்மை. ஓர் இணைந்த அடிக்களத்துக்குக் குவியப் புள்ளிகள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தால் எல்லாவற்றுக்கும் அப்படியே. ஆகவே அலைவுறும், அலைவுறாது என்பது தீர்வின் குணம் அல்ல, அமைப்பின் குணம்.

ஒப்பீடும் கூட வருகிறது. ப″ + கூ ப = 0 வடிவில், முதன்மைத் தீர்வை வைத்து எண்ணினால், சமச்சீர் அணி என்ற பொருளில் கூ பெரிதானால் (அதாவது புதியதிலிருந்து பழையதைக் கழித்தால் எதிர்க்குறி ஐகன் மதிப்பு வராவிட்டால்) எண்ணிக்கை குறையாது. சுருள்வில் கணக்கில் கூ அணி ஓ-வுக்கும் 3 ஓ-வுக்கும் நடுவில் இருக்கிறது. 4 வரையுள்ள இடைவெளியில் ஓ கொடுப்பது 2, 3 ஓ கொடுப்பது 4, நம்முடையது 3.

தீர்க்காமலே சொல்வது

பெரும்பாலான அமைப்புகளைக் கையால் தீர்க்க முடியாது. ஆனாலும் அலைவைப் பற்றிச் சொல்லலாம். இரண்டு கருவிகள் போதும், ஒன்று அலைவு உண்டு என்று காட்ட, மற்றது இல்லை என்று காட்ட. எதைக் காட்டப் போகிறோம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டுக் கருவியைக் கையில் எடுங்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டால் நேரம்தான் விரயம்.

உண்டு என்று காட்ட: ப* தா ப + ம* சா ம என்பதை இடைவெளி முழுவதும் தொகையிடுங்கள். இங்கே ப, ம இரண்டும் அமைப்பின் முதல் வரியை மட்டும் நிறைவு செய்தால் போதும்; இரு முனையிலும் ப = 0. இடது முனையிலிருந்து கிளம்பும் முதன்மைத் தீர்வுக்கு இடைவெளிக்குள்ளும் வலது முனையிலும் குவியப் புள்ளி இல்லையென்றால், அப்போது மட்டும், இந்தத் தொகை பூச்சியமற்ற எந்த ப-வுக்கும் நேர்க்குறியாகவே இருக்கும். எனவே எதிர்க்குறி கொடுக்கும் ஒரே ஒரு சோதனைச் சார்பைக் கண்டுபிடித்தால் குவியப் புள்ளி உண்டு என்று முடித்துவிடலாம்.

சுருள்வில் அமைப்பில் 0 முதல் 2 வரை முயன்று பார்ப்போம். (1, −1) திசையை அலகு நீளமாக்கி, அதன் மேல் ந(2 − ந) என்ற சாதாரணப் பரவளைவை வையுங்கள். வகைக்கெழுவின் வர்க்கத்தைத் தொகையிட்டால் 8/3. சார்பின் வர்க்கத்தைத் தொகையிட்டால் 16/15; அந்தத் திசையில் கூ மதிப்பு 3, ஆகவே 3.2. வித்தியாசம் 2.667 − 3.2 = −0.533. எதிர்க்குறி. எந்தச் சமன்பாட்டையும் தீர்க்காமல், 2-க்கு முன்னால் ஒரு குவியப் புள்ளி இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. உண்மையில் அது 1.814-இல் இருக்கிறது என்று முன்பே பார்த்தோம்.

இல்லை என்று காட்ட: ரிக்காட்டிச் சமன்பாடு. பா-வுக்கு நேர்மாறு இருக்கும் இடங்களில் ரா = மா பா⁻¹ என்று வைத்தால் ரா சமச்சீர்; அது நிறைவு செய்வது

ரா′ + கா* ரா + ரா கா + ரா சா ரா − தா = 0

ஒரே சார்பில் ப″ + ப = 0 எடுத்தால் ரா என்பது கோடேன்ஜென்ட்; பை நெருங்கும்போது எதிர் முடிவிலிக்குப் பாய்ந்து, தாண்டியதும் நேர் முடிவிலியிலிருந்து இறங்குகிறது. குவியப் புள்ளி என்றால் ரா வெடிப்பது. ஆகவே வெடிக்காத ஒரு ரா இருந்தால் அலைவு இல்லை. இன்னும் நல்ல செய்தி: சமன்பாடு தேவையில்லை, இடது பக்கம் பூச்சியத்துக்கு மேல் போகாத ஏதோ ஒரு சமச்சீர் அணி ஒரு நேரத்துக்குப் பிறகு முடிவிலி வரை நீடித்தால் போதும்.

ப″ + கூ ப = 0, கூ அணி ஓ / (4 ந²)-ஐத் தாண்டவில்லை என்று கொள்ளுங்கள். ரா = ஓ / (2 ந) என்று முயலுங்கள். வகைக்கெழு −1/2, வர்க்கம் +1/4, கூ அதிகபட்சம் +1/4, எல்லாம் ந²-ஆல் வகுத்து. கூட்டினால் பூச்சியத்தைத் தாண்டவில்லை. அலைவு இல்லை. மூன்று வரியில் முடிந்த நிறுவல்.

கால் என்ற எல்லை

அந்த 1/4 தற்செயலாக வந்ததல்ல. ஒரே சார்புள்ள ப″ + (க / ந²) ப = 0 என்ற ஆய்லர் சமன்பாட்டில், ப = ந-வின் ஏதோ ஓர் அடுக்கு என்று வைத்தால் 1 − 4 க என்ற தன்மைகாட்டி வரும். க = 1/4 வரை அலைவு இல்லை; அதைத் துளி தாண்டினாலும் அலைவு. 1893இல் க்னேசர் இதைப் பொது விதியாக்கினார்: நேரத்தின் வர்க்கத்தால் பெருக்கிய குணகம் கடைசியில் 1/4-க்கு மேலே ஓர் எண்ணைத் தாண்டியே நின்றால் அலைவு, 1/4-க்குக் கீழே ஓர் எண்ணுக்குள்ளேயே அடங்கினால் அலைவு இல்லை.

இதில் கணினியை நம்பி ஏமாறுவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. க = 5/4 எடுங்கள். ஒரு தீர்வு: ந-வின் வர்க்கமூலம் × சைன்(ந-வின் இயல் மடக்கை). பூச்சியங்கள் 1, 23.14, 535.5, 12391.6 என்று போகின்றன. 1-இல் தொடங்கி 20 வரை ஓட்டிப் பார்த்தால் கோடு அச்சை விட்டுக் கிளம்பியது, மீண்டும் அச்சைத் தொடவே இல்லை. அலைவுறாது என்று எழுதிவிடத் தோன்றும். ஒவ்வொரு பூச்சியமும் முந்தையதைப்போல் 23 மடங்குக்கு மேல் தள்ளி நிற்கிறது, ஆனால் முடிவில்லாமல் வருகிறது. சந்தேகம் வந்தால் நேரத்தின் இடத்தில் அதன் மடக்கையைப் போட்டு ஓட்டுங்கள்.

பல மாறிகளுக்கு எளிய வழி: ஏதாவது ஒரு நிலையான அலகுத் திசையில் கூ அணியின் மதிப்பை எடுத்து, அதை ஒற்றைச் சார்புச் சமன்பாடாக்குங்கள். அது அலைந்தால் அமைப்பு முழுவதும் அலைவுறும். காரணம், மேலே சொன்ன சோதனைச் சார்புதான். மாறாக, கூ அணியின் மிகப்பெரிய ஐகன் மதிப்பை எடுத்து, அந்த ஒற்றைச் சமன்பாடு அலையவில்லை என்றால் அமைப்பும் அலையாது. இரண்டுக்கும் நடுவில் விழுந்தால்தான் உண்மையான உழைப்பு.

ஐகன் மதிப்புகளை எண்ண

−ப″ = ல ப, 0 முதல் பை வரை, இரு முனையிலும் பூச்சியம். இதற்குப் பூச்சியமற்ற தீர்வு தரும் ல மதிப்புகளே ஐகன் மதிப்புகள்: 1, 4, 9, 16 என்று போகும். ல = 10 என்று வைத்து முதன்மைத் தீர்வைப் பாருங்கள்: சைன்(√10 ந) / √10. வலது முனைவரை அதன் பூச்சியங்கள் மூன்று. 10-ஐத் தாண்டாத ஐகன் மதிப்புகளும் மூன்று. இது எல்லா அளவிலும் நடக்கும்: இங்கே ல-வை உள்ளே வைத்துக் குவியப் புள்ளிகளை எண்ணினால், ல வரையுள்ள ஐகன் மதிப்புகளின் எண்ணிக்கை மடங்கோடு கிடைக்கிறது. ஓர் ஐகன் மதிப்பையும் கண்டுபிடிக்காமலே எத்தனை இருக்கின்றன என்று சொல்ல முடிகிறது. பிறகு ல-வை இரண்டாகப் பிரித்துப் பிரித்து வேண்டியதை நெருங்கலாம். கைக்கணக்கில் சரிபார்க்கக்கூடிய சுருள்வில் அமைப்பில் இதைச் செய்து பழகிக்கொள்ளுங்கள்.

கட்டுப்படுத்தத்தக்க தன்மை இல்லாதபோது

கடைசியாக, இரண்டாவது சோதனை தோற்றால் என்ன செய்வது? எ = 1, கா = 0, சா = 0 என்று வையுங்கள். ப′ = 0; முதன்மைத் தீர்வில் பா எப்போதும் பூச்சியம். எல்லா நேரமும் குவியப் புள்ளி என்றால் எண்ணுவதற்குப் பொருளே இல்லை. ரொம்ப நாள் இப்படிப்பட்ட அமைப்புகளை ஒதுக்கியே வைத்திருந்தார்கள். லெஜாந்தர் நிபந்தனை மட்டும் இருந்தாலே போதும், பா பூச்சியமாக்கும் திசைகளின் தொகுதி துண்டு துண்டாக மாறிலியாகவே இருக்கும் என்று 2003இல் கிராட்ஸ் காட்டினார். அப்படியானால் பா பூச்சியக் கோவை அணியா என்று கேட்பதை விட்டுவிட்டு, இந்த நேரத்தில் அதன் தரம் சற்று முன்பு இருந்ததைவிட எவ்வளவு விழுந்தது என்று கேட்கலாம். விழுந்த அளவே மடங்கு. மேலே சொன்ன உதாரணத்தில் தரம் எப்போதும் 0, எங்கும் விழவில்லை. குவியப் புள்ளி ஒன்றும் இல்லை. சுருள்வில் கணக்கில் பழைய எண்ணிக்கையும் இதுவும் ஒன்றே: 1.814 வரும்வரை தரம் 2, அந்த நேரத்தில் 1, உடனே மறுபடி 2.